செல்வம் மாமா ஏறிய ரயில்

இலங்கை மலையகத்தின் ஹட்டன் மண்டபத்தில் பழைய ராக் இசைக்குழுக்கள் மறுபடி கூடிய இரவு. சேவியர் அங்கிள் டிரம்ஸில் முதல் அடி அடித்ததுமே, நோர்வூட் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்துத் தகரக் கூரை அதிர்ந்த சனிக்கிழமைகள் நினைவுக்கு வந்தன.

எழுபதுகளில் சேவியர் அங்கிளின் குழுவில் பாடகர் என் செல்வம் மாமா. ஈரக் கம்பளி நாறும் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில்தான் ஒத்திகை நடக்கும். இலங்கை-இந்திய ஒப்பந்தப்படி தாத்தா இந்தியாவுக்கே போய்விட எழுதிக் கொடுத்தபோது மாமாவின் பெயரையும் சேர்த்துவிட்டார். புறப்படும் நாளன்று மாமா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"அக்கா, அங்க எனக்கு யாரத் தெரியும்? என்னைய எங்கயாச்சும் ஒளிச்சு வைங்க."

அம்மா அவரை விறகு அடுக்குக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். மகன் இல்லாமல் நகரமாட்டேன் என்று தாத்தா வாசலில் விழுந்து கதறினார். அதைக் கேட்கப் பொறுக்காமல் மாமா தானாகவே வெளியே வந்தார்.

ஹட்டன் ஸ்டேஷனில் சேவியர் அங்கிள் ஜன்னல் வழியாக மாமாவின் கிட்டாரை நீட்டினார்.

"அங்க போயி என்னத்தடா பாடப் போறேன்?" என்று மாமா அதைத் திருப்பித் தள்ளினார். ரயில் நகர்ந்தது. அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பிளாட்பாரம் முடியும்வரை ஓடினாள்.

நிகழ்ச்சி முடிந்ததும் சேவியர் அங்கிள் என்னைத் தேடி வந்தார்.

"செல்வத்துக்கிட்ட இருந்து ஏதாச்சும் தகவல் வந்துச்சாம்மா?"

"ஒரு தடவகூட வரலைங்க, அங்கிள்."

அவர் கையிலிருந்த டிரம் குச்சிகளைப் பைக்குள் வைத்துக் கட்டினார்.