பிழை பார்த்த மௌத்துச் செய்திகள்

கல்முனையில் கலியாணக் கார்டும் நோட்டீசும் அடிக்கும் ஒரு சின்ன அச்சகத்தில் பிழை பார்ப்பதுதான் என் தொழில். தொண்ணூறுகளின் கடைசியில் அதே வேலை இணையத்திலும் வந்து என் தலையில் விழுந்தது. என்னோடு படித்த நண்பன் ஒருவன் லண்டனில் இருந்தான். ஊர்ப் பிள்ளைகள் கட்டாரிலும் சவூதியிலும் சிதறிக் கிடக்கிறார்கள், அவர்களுக்கு ஊர்ச் செய்தி சொல்ல இணையத்தில் ஒரு பக்கம் தொடங்குகிறேன், நீ எழுதி அனுப்பு என்றான். சம்பளம் கிடையாது. ஆனாலும் லண்டனில் இருந்து ஒருவன் என் தமிழைக் கேட்கிறான் என்பதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அச்சகத்துக்குப் பக்கத்தில், ஊரார் டெலிபோன் பேசப் போகும் கொமினிகேசன் கடையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கொழும்புக்கு டெலிபோன் எடுத்துத்தான் இணையத்துக்குள் போகலாம். லைன் கிடைத்தால் அது பாதியில் அறும். ஆகவே எல்லாவற்றையும் முன்கூட்டியே அடித்து, தாளில் எடுத்து, பிழை திருத்திய பிறகே லைன் எடுப்போம். கடைசிச் சொல்லில் தொடங்கிப் பின்னோக்கி வாசிப்பது என் வழக்கம். முன்னோக்கி வாசித்தால் சங்கதி ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும், எழுத்து கண்ணில் படாது. நண்பன் பக்கத்தில் ஏற்றிய பிறகும் ஒரு தடவை திறந்து பார்ப்பேன். அங்கே ஒரு புள்ளி தவறியிருந்தாலும் அவனுக்குக் கடிதம் பறக்கும். "உனக்கு வேற வேலையே இல்லியா மச்சான்?" என்று பதில் எழுதுவான். இல்லைதான்.

அந்தப் பக்கத்தில் எல்லோரும் தேடி வாசித்தது மௌத்துச் செய்திகளை, அதாவது மரண அறிவித்தல்களை. நான் மெனக்கெட்டு எழுதிய வெள்ளாமைச் செய்திகளை ஒருவரும் சீண்டவில்லை. எங்கள் ஊரில் ஒருவர் மௌத்தானால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள்: அன்னார் இன்னாரின் தகப்பனாரும், இன்னாரின் மாமனாரும், இன்னாரின் மச்சானும் ஆவார். சொல்லப்படும் பெயர்கள் எல்லாம் ஆண்களுடையவை. பெண்ணின் பெயரை ஊர் கேட்கச் சொல்லாதது மரியாதை என்று வைத்திருந்தோம். மகளைச் சொல்லவேண்டிய இடத்தில் மருமகன் வந்து நிற்பார். நானும் ஒலிபெருக்கியில் கேட்டதை எழுதிக்கொண்டு, வீட்டு ஆண்களிடம் பெயர்களைச் சரிபார்த்து அனுப்பிவிடுவேன்.

இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு பெரியவரின் மௌத்துச் செய்தியை அப்படி அனுப்பி ஒரு கிழமை போயிருக்கும். அவருடைய மூத்த மகள் அச்சக வாசலில் வந்து நின்றார். ஐம்பதை நெருங்கும் வயது. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, உள்ளே வராமலே கேட்டார்.

"தம்பி, எங்கட வாப்பாட மௌத்த கொம்பியூட்டர்ல போட்ட நீங்களா?"

"ஓம் ராத்தா. என்ன, பிழை ஏதும் வந்திட்டா?"

"பிழை ஒண்டும் இல்ல. கட்டார்ல இரிக்கிற எங்கட தம்பி டெலிபோன்ல வாசிச்சிக் காட்டினான். வேற ஒண்டும் இல்லியாடா எண்டு கேட்டன். அவ்வளவுதான் ராத்தா எண்டான். நான்தான் அதுல இல்ல."

எனக்கு உடனே விளங்கவில்லை. தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். இரண்டு மகன்மாரின் பெயர்கள் இருந்தன. இளைய மகளுக்காக அவள் கணவனின் பெயர் இருந்தது. மூத்தவரோ எத்தனையோ வருடங்களுக்கு முன் தலாக்காகித் தகப்பனிடம் திரும்பி வந்தவர். அவருக்காக வந்து நிற்க ஒரு மருமகன் இல்லை. படுக்கையில் கிடந்த தகப்பனை நாலு வருடம் கழுவித் துடைத்துச் சோறு ஊட்டியவர் அவர்தான் என்று தெருவுக்கே தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, பிழை இல்லை என்று அனுப்பியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"உங்கட பேரப் போடட்டா ராத்தா?"

"பேர் வேணாம், தம்பிமார் ஏசுவானுகள். வாப்பாவப் பாத்த மகள் ஒண்டு இரிக்கி எண்டு தெரிஞ்சாப் போதும்."

அசர் தொழுதுவிட்டு வந்து லைன் எடுத்தேன். "நோயில் கிடந்த நாலு வருடமும் அன்னாரைப் பராமரித்தவர் அவரது மூத்த மகள்" என்ற வரியைச் சேர்க்கச் சொல்லி அனுப்பினேன். நண்பன் மறுநாளே சேர்த்துவிட்டான். பத்திரிகை என்றால் அடுத்த இதழின் மூலையில் 'திருத்தம்' என்று ஒன்று வரும். பிழையும் இருக்கும், திருத்தமும் இருக்கும். இங்கே மூத்த மகள் முதல் நாளிலிருந்தே அந்தச் செய்தியில் இருந்தவர் போல ஆகிவிட்டார். அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையாக எனக்குப் பட்டது. இவர் முதலில் விடுபட்டிருந்தார், பிழை எங்களுடையது என்று கீழே ஒரு வரி போடச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே போட்டான். ராத்தா கட்டாரில் இருக்கும் தன் தம்பியை அந்த இடத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். பிறகு ஒருநாள் தெருவில் கண்டபோது சொன்னார்.

ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை. பக்கம் தொடங்கிய நாளில் இருந்து நான் அனுப்பிய எல்லா மௌத்துச் செய்திகளையும் எடுத்து வைத்து, ஒவ்வொன்றாக வாசித்தேன். மகள்மார் ஒருவரும் இல்லை. மௌத்தானது பெண்ணாக இருந்தால் அவருக்கே பெயர் இல்லை, இன்னாரின் மனைவி என்று மட்டும் இருந்தது. அந்தத் தாள்களுக்குள் என் உம்மாவின் செய்தியும் இருந்தது. ஒரு வருடத்துக்கு முன் அழுதுகொண்டே நான் எழுதியது. அதில் வாப்பாவின் பெயர் இருந்தது. என் பெயர் இருந்தது. தங்கையின் கணவனுடைய பெயர் இருந்தது. உம்மாவின் உயிர் போனது தங்கையின் மடியில். தங்கை அதில் இல்லை.

நேரே அவள் வீட்டுக்குப் போனேன். உம்மா அவளுக்கு எழுதிக் கொடுத்த வீடு அது. வீட்டைப் பெண்பிள்ளைக்கு எழுதுகிற ஊர்தான் நாங்கள். செய்தியில் மட்டும் மருமகனை எழுதுவோம். அவள் குசினி வாசலில் இருந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உம்மாட மௌத்துச் செய்திய நீ வாசிச்சியா?"

"அவரு அப்பயே தாள்ல எடுத்துக் கொண்டாந்து தந்தாரு. வாசிச்சன்."

"நீ அதுல இல்லியே. ஏன் எனக்கிட்ட ஒண்டும் சொல்லல்ல?"

கீரையில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"நீங்க பிழை பாத்ததுதானே காக்கா. சரியாத்தான் இரிக்கும் எண்டு நெனச்சன்."