கொசுவலை, குண்டுக்கூடு, பூரி

சண்டை நடக்கும் இடத்துக்குப் போவான், யாரையும் சுடமாட்டான். மூன்று வேளையும் எல்லோரும் அவன் முகத்தைத்தான் தேடுவார்கள். அவன் யார்?

விடை தெரிந்தவர்கள் சற்றுப் பொறுத்திருங்கள். போர்வீரர் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் வேலையில், கதையைவிட அதற்கு முன்னால் வரும் பயம்தான் நீளம். இருபத்தெட்டு வருடம் சிறுவர் பக்கங்களை நிரப்பியவள் நான். இப்போது மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலையில், பட்டாபிராமில் ஒரு குடியிருப்போர் சங்கத்தின் மாடி அறையில், முன்னாள் ராணுவத்தினர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர் கதையைச் சொல்கிறேன். முதலில் விடுகதை, அப்புறம் கதை, கடைசியில் கேள்விகள். இதே வேலையில் இறங்கி, அந்தக் கேள்விகளை நினைத்துச் சனிக்கிழமையே சோறு இறங்காமல் தவிக்கும் உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இல்லாத பனி

முதல் விருந்தாளி தணிகாசலம். சிக்னல் பிரிவில் தொலைபேசிக் கம்பி இழுத்தவர். திருமுல்லைவாயிலில் எனக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. கிழக்கு எல்லையில், ஓர் ஆற்றங்கரை முகாமில் அறுந்துபோன கம்பியை அவர் தவழ்ந்து போய் ஒட்டிய கதை. எல்லை என்றாலே பனி என்று என் கை பழகியிருந்தது. இரண்டு பத்திக்குப் பனியைக் கொட்டி, அவர் விரல்களை விறைக்கவைத்து, பிள்ளைகளை நடுங்கவைத்தேன்.

கூட்டம் கலைந்து படி இறங்கும்போது அவர் மெல்லச் சொன்னார்: "நீங்க எழுதின பனி நல்லா இருந்துச்சு மேடம். ஆனா நாங்க அங்க கொசுவலைக்குத்தான் சண்டை போட்டுக்கினு இருந்தோம்."

அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன். யாருடைய கதையோ, அவர் காதில் விழுந்த பிறகுதான் அது பிள்ளைகள் காதுக்குப் போகும்.

எத்தனை பேர்?

எந்தக் கதை சொன்னாலும் இந்தக் கேள்வி வந்தே தீரும். அதற்கு என்ன பதில் சொல்வது என்று பிள்ளைகளின் பெற்றோருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தணிகாசலத்தின் முன்னால் அதைக் கேட்டவன் முதல் வரிசைப் பையன் ஒருவன். "சார், நீங்க எத்தினி பேர சுட்டீங்க?" நடுவில் புகுந்து பேச்சை மாற்றலாமா என்று வாயைத் திறப்பதற்குள் அவரே பதில் சொல்லிவிட்டார்.

"ஒருத்தரையும் இல்ல கண்ணு. ஆனா கம்பி மறுபடியும் அறுந்திருந்தா எங்க ஆபீசர் என்னைச் சுட்டிருப்பாரு."

மின்சார ரயிலில் குண்டுக்கூடு

பிள்ளைகள் தொட்டுப் பார்க்க ஏதாவது வேண்டுமே என்று கேட்டதற்கு, தணிகாசலம் தன் வீட்டுக் கூடத்தில் பூச்சாடியாக இருந்த, பீரங்கி சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் குண்டுக்கூட்டைக் கொடுத்தார். வெறும் கூடுதான், உள்ளே காற்றைத் தவிர ஒன்றுமில்லை. அது எனக்குத் தெரியும். துணிப்பையிலிருந்து அதன் வாய் எட்டிப் பார்த்ததைக் கண்ட ரயில் பெட்டிக்குத் தெரியாதே. பட்டாபிராம் போகத் திருமுல்லைவாயிலில் ஏறினேன். அண்ணனூர் வருவதற்குள் என்னைச் சுற்றி நாலு சீட்டு காலி.

பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் கொய்யாக் கூடைக்காரப் பெண் ஒருவர் மட்டும்தான். "இன்னாக்கா அது?" என்றார். சொன்னேன். வரலாற்றையும் சேர்த்தே சொன்னேன், பதற்றத்தில். பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சரிக்கா. வெடிக்கிறதா இருந்தா ஆவடி தாண்டி வெடிக்கச் சொல்லு. நான் ஆவடில எறங்கிப்பேன்."

ஆறிப்போகும் டீ

போன மாத விருந்தாளி சேகர். ராணுவத்தில் சமையல்காரராக இருந்து சென்ற வருடம் ஓய்வு பெற்று, இப்போது அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் இருக்கிறார். மலைமேல் ஒரு காவல் நிலை, கீழே சரிவில் அவருடைய அடுப்பு. எதிர்ப்பக்கத்திலிருந்து குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்கள். புகை தெரிந்தால் அதைக் குறிவைத்து அடுத்த குண்டு வரும். அதனால் விடியுமுன், நெருப்பு வெளிச்சம் தெரியாமல் வாசலில் கம்பளியைத் தொங்கவிட்டு, நாற்பது பேருக்குச் சமைத்து மேலே அனுப்பியிருக்கிறார்.

விதிப்படி, பட்டாபிராமிலேயே இருக்கும் அவர் வீட்டுக்குப் போய்க் கதையைப் படித்துக் காட்டினேன். விடுகதையை மட்டும் படிக்கவில்லை; அது வெறும் கேள்விதானே என்று விட்டுவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னார்.

"டீ அனுப்பினேன்னு போடாதீங்க மேடம். மேல போறதுக்குள்ள ஆறிடும். பூரிதான் போகும்."

துப்பாக்கிகூட வேண்டாம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஞாயிறுக்கு நாற்காலி சரிபார்க்க வந்திருந்த என்னைத் தேடி, சேகரின் மகள் கவிநயா தனியாக மாடி அறைக்கு வந்தாள். ஐந்தாம் வகுப்பு. அப்பா எதிரியின் பங்கர், அதாவது பதுங்குகுழி ஒன்றை ஒற்றை ஆளாகப் பிடித்தார் என்று வகுப்பில் சொல்லிவைத்திருக்கிறாள். அதைக் கேட்கப் பாதி வகுப்பு ஞாயிறன்று வரப்போகிறது.

இல்லாத பதுங்குகுழியை என்னால் வெட்ட முடியாது என்றேன். பனிக்கே பட்ட பாடு போதும். ஆனால் கையில் இரண்டு தாள் கொண்டுவருகிறேன்: ஒன்றில் பூரிக் கதை, இன்னொன்றில் பழைய கம்பிக் கதை. பத்து எண்ணுவதற்குள் விடுகதைக்கு யாரும் விடை சொல்லாவிட்டால் கம்பிக் கதைதான். நீயும் சொல்ல வேண்டியதில்லை என்றேன். அவள் முழுசாக நம்பவில்லை.

"துப்பாக்கிகூட வேணாம் மிஸ். எங்கப்பா சமைச்சாருன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

அப்பாவின் அனுமதி

கதை அவருடையது; கேட்காமல் மாற்ற முடியாது. சனிக்கிழமை சேகருக்குப் போன் செய்து, கதை மாறினாலும் மாறலாம் என்று மட்டும் சொன்னேன். காரணத்தை எப்படி மறைப்பது என்று நாலு பொய்யைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் பேசினேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

"தெரியும் மேடம். பங்கர் கதைய எங்கிட்டயே சொன்னா. நல்லாத்தான் இருந்துச்சு. அவ சொன்னதே இருக்கட்டும்."

பத்து எண்ணுவதற்குள்

சேகர் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கவிநயா நாலாவது வரிசையில், ஜன்னலோரம். "இன்னா கவி, பங்கர் இன்னிக்குத்தானே?" என்று ஒரு பையன் சீண்டினான். அவள் திரும்பவில்லை.

விடுகதையைப் போட்டேன். நர்ஸ் என்றார்கள். டிரைவர் என்றார்கள். மோப்ப நாய் என்று ஒரு குரல் வந்தது. நாய் முகத்தை எதற்குடா மூன்று வேளையும் தேடணும் என்று இன்னொரு குரல் கேட்டது. நான் எண்ண ஆரம்பித்தேன். விடை தெரிந்த இரண்டு பேரில் ஒருவரான சேகர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு. ஏழு. கம்பிக் கதைத் தாளை மேலே எடுத்து வைத்தேன். எட்டு என்றபோது ஜன்னலோரத்தில் ஒரு கை உயர்ந்தது.

"சமையல்காரர். எங்கப்பா. ஆனா விடுகதை தப்பு மிஸ். பகல்ல அடுப்பு எரிஞ்சா பொகை தெரியும்ல, அங்க ரெண்டு வேளைதான்."

கவிநயா பூரிக் கதையைத் தேர்ந்தெடுத்தாள். நான் விடுகதையைத் திருத்தினேன்.