இன்றைய மீனுக்கு மட்டும் பதில்

குவைத்தில் கடல்நீரைச் சோதிக்கும் அரசு அலுவலகம் ஒன்றில் லுல்வா பதினெட்டு வருடம் தொலைபேசிக்குப் பதில் சொன்னாள். முன்பெல்லாம் எந்தக் கரையில் குளிக்கலாம் என்று கேட்பார்கள். எதிர்க்கரையில் ஈரானின் அணு உலை பற்றிய செய்திகள் கிளம்பிய பிறகு மணி ஓயவில்லை. குடிக்கிற தண்ணீரே கடலிலிருந்துதான் வருகிறது. ஜனங்கள் பயப்படாமல் என்ன செய்வார்கள்?

என்ன பதில் சொல்வதென்று மேலிடம் தாள் அனுப்பும். ஞாயிறன்று வந்த தாளில், அண்டை நாட்டின் அணுத்திட்டம் மிகுந்த கவலை தருகிறது என்றிருந்தது. செவ்வாயன்று அந்த நாட்டுத் தூதுக்குழு விருந்துக்கு வந்தது. சகோதர நாடு, அச்சம் வேண்டாம் என்று மாற்றினார்கள். வியாழனன்று, குவைத் உள்ளிட்ட வளைகுடா அரசுகள் சேர்ந்து தாங்களும் அணு உலை கட்ட ஆராய்வதாக இன்னொரு தாள்.

மூன்றையும் எடுத்துக்கொண்டு அதிகாரி அபூ பர்ராக்கிடம் போனாள்.

"இதுல எதைச் சொல்லட்டும்?"

"கடைசியா வந்ததை."

"அவங்க உலை ஆபத்து, நம்ம உலை நல்லதா?"

"நம்மது அமைதிக்கும்மா."

"அவங்களும் அதையேதானே சொல்றாங்க?"

அவர் தேநீரில் கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "எனக்கும் புரியல. போய் போனை எடு."

அழைத்தவள் ஜஹ்ராவில் கல்யாணங்களுக்குச் சமைக்கும் உம்மு ஜர்ராஹ். "நாளைக்கு நானூறு பேருக்கு ஸுபைதி மீன் போடணும். போடலாமா?"

"நிலைமையைக் கண்காணிச்சுக்கிட்டிருக்கோம்."

"அதை எந்தத் தட்டுல வைக்க? நீ தின்பியா, சொல்லு."

"கொஞ்சம் லைன்ல இருங்க" என்றாள் லுல்வா. அன்று காலைதான் அவள் கணவன் ஆறு பெட்டி தண்ணீர்ப் புட்டிகள் வாங்கி அடுக்கியிருந்தான். கீழே சோதனைக்கூடத்துக்கு ஓடினாள். "இன்னிக்கு எடுத்த தண்ணி சுத்தம். நாளைத் தண்ணியை நாளைக்குத்தான் பாக்கணும்" என்றார் அங்கே சோதிப்பவர்.

அதையே சொன்னாள். மறுநாளும் உம்மு ஜர்ராஹ் கூப்பிட்டாள், அதற்கு மறுநாளும். தாளில் இல்லாததைச் சொல்வதாக அபூ பர்ராக் சத்தம் போட்டார். பிறகு, வீட்டுக்குப் போகும்போது அவரே அவள் மேஜையருகே நின்று, "இன்னிக்கு எப்படி?" என்று கேட்கத் தொடங்கினார்.

நான்கு மாதம் கழித்து உம்மு ஜர்ராஹின் அழைப்பு நின்றது. லுல்வாவே கூப்பிட்டாள்.

"இப்ப எல்லாரும் ஆட்டுக்கறிதான் கேக்குறாங்க, கண்ணு."

"பயத்துலயா?"

"யாருக்குத் தெரியும்? நான் கேக்கல."