எடை கேட்கிற உத்தியோகம்

சைக்கிள் கடையில் சைக்கிள் விற்பது சுலபம், வாங்க வருகிறவரிடம் "எத்தனை கிலோ?" என்று கேட்பதுதான் பாடு. துணிக்கடையில் இடுப்பளவு எடுப்பவர்களே, உங்களுக்கு இது புரியும். நம் கஷ்டத்தை நமக்குள்தான் பேசிக்கொள்ள வேண்டும்.

சும்மா பார்க்க வந்தவர்

சுங்கைப் பட்டாணியில் எங்கள் கடைக்குப் பருமனானவர்கள் யாரும் சைக்கிள் வாங்க வருவதில்லை. சும்மா பார்க்கத்தான் வருவார்கள். தனபாலன் அண்ணனும் அப்படித்தான் வந்தார். சிடாம் கிரி பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில், பழக்குலை ஏற்றி வரும் லாரிகளை நிறுப்பது அவர் வேலை. இனிப்பு நீர் வந்து, சர்க்கரை அளவு ஏறிவிட்டதாம். உடம்பை அசைக்காவிட்டால் இனி ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பேசும்போதே அவர் கை, கம்பி குறைவான பந்தயச் சக்கரம் ஒன்றைத் தடவிக்கொண்டிருந்தது.

அது எல்லா உடம்பையும் தாங்காது. போன வருஷம் ஒருவருக்கு நடுரோட்டில் கம்பி அறுந்தது. கூட வந்தவர்கள் சிரித்தார்கள். இப்போது அந்தச் சைக்கிளில் துணி காய்கிறது. இவருக்கும் அப்படி ஆனால் அப்புறம் ஊசிதான். இதையெல்லாம் விளக்கி, எடை கேட்டு, கடைத் தராசையும் காட்டினேன். எதிரே செண்டோல் ஐஸ் கடையில் நல்ல கூட்டம். அண்ணன் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "நார்மல்னு போட்டுக்க லா தம்பி."

டிரைவர் மணியம் சொன்னது

இதை நான் பார்க்கவில்லை. டயர் வாங்க வந்த லாரி டிரைவர் மணியம் சொன்னதுதான். ஆலையில் ஒரு விதி உண்டாம். நிறுவை மேடையில் லாரி ஏறினால் டிரைவர் இறங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர் எடைக்கும் சேர்த்துக் கம்பெனி காசு கொடுக்க வேண்டிவரும். இறங்காதவர்களைத் தனபாலன் அண்ணன் மைக்கிலேயே திட்டுவார்.

எங்கள் கடைக்கு வந்துபோன பின் ஒருநாள் அண்ணன் மணியத்தின் காலி லாரியில் தானே ஏறி உட்கார்ந்து, மணியத்தை நிறுவை அறைக்குள் அனுப்பி எண்ணைப் பார்க்கச் சொன்னாராம். பிறகு இறங்கி நின்றுகொண்டு இன்னொரு தடவை பார்க்கச் சொன்னாராம். முதல் எண்ணில் இரண்டாவதைக் கழித்தால் அண்ணன். மணியம் கழித்துப் பார்த்துவிட்டு மைக்கைப் பிடித்திருக்கிறார். வெளியே வரிசையில் நின்ற அத்தனை லாரிக்கும் கேட்டதாம்: "இத்தன வருஷமா எங்கள இறங்கு இறங்குன்னு கத்துனீங்களே, இறங்க வேண்டியது நீங்கதானே அண்ணே!"

சோபா

அதற்கப்புறம் ஒரு வாரம் அண்ணன் வரவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. பேசாமல் நார்மல் என்றே எழுதியிருக்கலாமோ என்று தோன்றியது. பிறகு ஒரு காலை, நான் கடை திறக்கும் முன்பே வந்து நின்றார். தெருவில் ஆள் இல்லை. இருந்தும், நந்தி காதில் வேண்டுதல் சொல்வதுபோல் குனிந்து என் காதில் எண்ணைச் சொன்னார்.

கம்பி அதிகமுள்ள சக்கரமும் அகலமான டயரும் போட்டுக் கொடுத்தேன். அழகு பத்தாது என்று முகம் சுளித்தாலும் வாங்கிக்கொண்டார். இருக்கை விஷயத்தில் மட்டும் என் பேச்சு எடுபடவில்லை. உடம்பு பெரிது, இருக்கையும் பெரிதாக வேண்டும் என்று சோபா மாதிரி ஒன்றைப் பொருத்தச் சொன்னார். மெர்போக் வரை போய்விட்டு, மறுநாள் காலை அகட்டி அகட்டி நடந்து வந்தார். "மெத்த நல்லாத்தான் இருக்கு தம்பி, என் தொடதான் அதுகூட சண்ட போடுது."

யான் ஊருக்குப் போய் வந்த பிறகு

ஒடுக்கமான இருக்கை மாற்றியபின், ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்தோடு யான் ஊர் வரை போனார். அவர் போய்ச் சேர்வதற்குள் மற்றவர்கள் பசியாறி முடித்துவிட்டார்களாம். வழியெல்லாம் குழி. ஆனாலும் சக்கரம் நெளியாமல் திரும்பியதில் அவரைவிட எனக்குத்தான் சந்தோஷம்.

மறுநாள் அண்ணன் கடையில் உட்கார்ந்திருக்க, நான் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஃபேக்டரி சட்டையோடு ஒருவர் உள்ளே வந்தார். நல்ல உடம்பு. கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். எடை கேட்டதும் அவர் கைப்பேசியை எடுத்து, வராத செய்தியைப் படிக்க ஆரம்பித்தார். நானும் வழக்கம்போல் கூரையைப் பார்த்தேன். அப்போது அண்ணன், லாரியை நிறுக்கிற குரலில், கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "நான் நூத்தி முப்பது. நேத்து யான் போயிட்டு வந்துட்டேன். நீ எவ்ளோப்பா?"

இப்போதெல்லாம் எடை கேட்கிற வேலையை அண்ணன் பார்க்கிறார், சம்பளம் மட்டும் நான் வாங்குகிறேன்.