மாடி வீட்டுக்காரரின் தீர்ப்புகள்

எழுபதுகளில் மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் மாடியில் வசித்தார். வெறும் பனியன்மேல் டை கட்டினால்கூடப் பொருந்திப்போகும் முகம். காய்கறிக்காரியிடம் தமிழில்தான் பேரம் பேசுவார். குடித்தனக்காரர்கள் குறை சொன்னால் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு இங்கிலீஷில் தீர்ப்பு வழங்குவார். தளம் ஒழுகினால், "இட் ஈஸ் ரெக்ரெட்டபிள்." சுவர் விரிசல் விட்டால், "இட் ஈஸ் சர்ப்ரைசிங்." வருந்துவது யார், ஆச்சரியப்படுவது யார் என்று அதில் இருக்காது. கொத்தனாரைக் கூப்பிடப்போவது யார் என்பதும் இருக்காது.

ஒரு கோடையில் எங்கள் அடிபம்பு பழுதானது. அவருக்கு மாடியில் தனிக் குழாய். என் மனைவியோ தெருக்கோடியிலிருந்து குடம் குடமாகச் சுமந்தாள். சண்டை போட்டே தீருவதென்று மாடியேறினேன்.

இறங்கி வந்ததும், "என்ன சொன்னார்?" என்றாள்.

"அன்ஃபார்ச்சுனேட்னு சொன்னார்."

"நீங்க என்ன சொன்னேள்?"

"இட் ஈஸ் வெரி கைண்ட் ஆஃப் யூன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மாடிப்படியருகே போய் நின்றாள்.

"மாமா! நாளைக்குள்ள பம்ப் சரியாகலைன்னா, குளிக்கறது, தோய்க்கறது எல்லாத்துக்கும் நாங்க உங்காத்துக்குத்தான் வருவோம்!"

மறுநாள் காலையிலேயே ஆள் வந்து பம்புக்குப் புது வாஷர் போட்டான். மேற்பார்வைக்கு இறங்கிய வீட்டுக்காரர் என்னை ஓரமாக அழைத்துத் தோளில் கை வைத்தார்.

"பாவம் சார் நீங்க" என்றார், நல்ல தமிழில்.

அத்தனை இங்கிலீஷ் வைத்திருந்தவருக்கு என் நிலைமைக்கு மட்டும் ஏன் ஒரு சொல் அகப்படவில்லை என்று இன்றும் யோசிக்கிறேன்.