பலகையில் இல்லாத எதிர்ச்சொல்

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒரு தையல் கம்பெனியே நம்பிக்கொண்டிருந்தது. அந்த நம்பிக்கையை நானும் கெடுக்கவில்லை. தபாலில் படித்து வாங்கிய பட்டம், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, ஆள் எடுக்கும் பிரிவில் ஒரு நாற்காலி. என் சரக்கு அவ்வளவுதான். குறைகுடம் கூத்தாடும் என்பார்கள். நான் அங்கே ஆறு வருஷம் ஆடினேன்.

காலையில் வருகிறவர்கள் விரல் வைத்துப் பதியும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கும். தினமும் அதில் ஒரு இங்கிலீஷ் சொல்லை எழுதுவது என் வேலை. சொல், தமிழிலும் கன்னடத்திலும் அதன் அர்த்தம், அதே பொருளில் இன்னொரு சொல், கடைசியில் எதிர்ச்சொல். லூஸ் என்றால் டைட். ரஃப் என்றால் ஸ்மூத். சட்டை வாங்கும் வெளிநாட்டுக்காரர்களின் தாள்கள் எல்லாம் இங்கிலீஷில் வருகின்றன, சூப்பர்வைசர் ஆகிறவர்களுக்கு நாலு வார்த்தை தெரிய வேண்டும் என்று மேனேஜர் ஆரம்பித்துவைத்த பழக்கம் அது. நான் போனில் பார்த்துத்தான் எழுதுவேன். அது யாருக்கும் தெரியாது.

முக்கால்வாசிப் பேர் பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஒரு அக்கா மட்டும் நின்ற இடத்திலேயே ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்வார். திருப்பத்தூர்ப் பக்கம் சொந்த ஊர். எட்டாவது வரை படிப்பு. காலர் தைக்கும் மெஷினில் பதினொரு வருஷம். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், ஆனாலும் நான் அவருக்கு மேடம். “இன்னிக்கு வார்த்த நல்லா இருக்கு மேடம்” என்று, ஏதோ நான் சமைத்துப் போட்டதைப் போலச் சொல்லிவிட்டுப் போவார். எனக்குத் தலைகால் புரியாது.

அவருடைய லைனில் சூப்பர்வைசர் இடம் ஒன்று காலியானது. பலகைச் சொற்களிலிருந்து பத்துக் கேள்விகள், எட்டு சரியாக இருந்தால் மேனேஜர் எடுத்துக்கொள்வார். கேள்வி போடுவதும் நான், திருத்துவதும் நான். அக்கா என்னிடம் வந்து, உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போய்விட்டது, இந்த வேலை கிடைத்தால் நிற்கலாம், நடக்கலாம், இன்னும் பத்து வருஷம் ஓட்டிவிடலாம் என்றார். மகள் ஒன்பதாவது படிக்கிறாளாம். சாயங்காலம் அவள்தான் நோட்டை வைத்துக்கொண்டு அம்மாவைக் கேள்வி கேட்கிறாளாம். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு.

அவருடைய தாளைத் திருத்தினேன். ஏழு சரி, இரண்டு தப்பு. பாக்கி ஒன்று. அக்செப்ட் என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல். பலகையில் நான் எழுதியிருந்தது ரிஜெக்ட். அவர் எழுதியிருந்தது டிக்லைன்.

எங்கேயோ பார்த்த சொல்லாக இருந்தது. சரியா தப்பா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. போனை எடுத்துப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் எதிரே மேனேஜர் உட்கார்ந்திருந்தார். முன்பு ஒருமுறை பலகையில் நான் தப்பாக எழுதியதை, எல்லோர் முன்னாலும் கன்னடத்தில் கிண்டலடித்துச் சிரித்தவர் அவர். அந்தச் சிரிப்பு எனக்கு மறக்கவே இல்லை. மறுபடி அவர் வாயில் விழ எனக்கு இஷ்டமில்லை. பலகையில் இல்லாதது தப்பு என்று மனசுக்குள் ஒரு சட்டத்தைப் போட்டு, சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன். ஏழு.

அன்று சாயங்காலம் ஓசூர் ரோட்டில் பஸ் நகராமல் நின்றிருந்தபோது என் தங்கை கூப்பிட்டாள். போன் முகத்தில் இரண்டு வட்டங்கள். பச்சைக்குக் கீழே அக்செப்ட். சிவப்புக்குக் கீழே டிக்லைன். கிரெடிட் கார்டு விற்கக் கூப்பிடுகிறவர்களை நான் தினமும் நாலு தடவை அந்தச் சிவப்பை அழுத்தித்தான் விரட்டுகிறேன். போன் அடித்து ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிவு மறுநாள் பத்து மணிக்குத்தான் ஒட்டப்படும். அதற்கு முன்னால் திருத்தியிருக்கலாம். ஏழு என்பதை எட்டாக்க ஒரு கோடு போதும், ஒரு வார்த்தை போதும். மேனேஜர் மிஞ்சிப்போனால் இன்னொரு தடவை சிரித்திருப்பார். நான் ஒன்பதரைக்கே போய் உட்கார்ந்து, பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினேன். பத்து மணி ஆனது. சீ, என்ன பிறவி நான்.

வேலை வேறொரு பெண்ணுக்குப் போனது. சாப்பாட்டு நேரத்தில் அக்கா என் மேஜைக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை. எது தப்பாகப் போனது, தெரிந்தால் அடுத்த தடவை திருத்திக்கொள்ளலாம் என்றுதான் கேட்டார். தாளைக் காட்டினேன்.

“இது போன்ல அப்படித்தான மேடம் போட்டிருக்கு? பொண்ணுதான் காட்டுச்சு.”

“போன்ல ஆயிரம் போடுவாங்கக்கா. பலகையில இருக்கறதுதான் கணக்கு.”

“அதுவும் சரிதான். போன்காரன் தப்பாப் போட்டுட்டான் போல” என்றார். நோட்டை எடுத்து, என் கண்ணெதிரே, என்னுடைய பேனாவையே வாங்கி அந்தச் சொல்லை அடித்தார். நான் பேனாவைக் கொடுத்தேன். அதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கொடுத்தேன்.

எட்டு மாதம் கழித்து இன்னொரு லைனில் இடம் காலியானது. பெயர் கொடுத்தவர்களில் அக்கா இல்லை. நானே அவரைத் தேடிக்கொண்டு மெஷினுக்குப் போனேன். முதுகுக்குப் பின்னால் துணிக்கழிவு அடைத்த ஒரு தலையணையை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

“பேடா மேடம்” என்று கன்னடத்தில் சொல்லிச் சிரித்தார். வேண்டாமாம். “நமக்கெல்லாம் இங்கிலீஷ் வராது. நோட்டையும் நிறுத்திட்டேன்.”

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். அவர் எழுதியது சரி, திருத்தியவள்தான் தப்பு, அன்று சாயங்காலமே எனக்குத் தெரியும், இப்போதே மேனேஜரிடம் போய்ச் சொல்கிறேன் என்று மூச்சுவிடாமல் கொட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவர் மெஷினை நிறுத்தினார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“அன்னிக்கு வீட்டுக்குப் போயி பொண்ணுகிட்ட அது தப்புன்னு சொன்னேன் மேடம். அவ ஒத்துக்கல. உங்க மேடத்துக்குத்தான் இங்கிலீஷ் தெரியலன்னு சொன்னா. படிச்சவங்கள அப்படிப் பேசலாமான்னு ஒரு அறை விட்டேன். அதுலேர்ந்து அவ எனக்கு எதுவும் சொல்லித் தர்றதில்ல.”

நான் தரையைப் பார்த்தேன். நூல் துண்டுகள் கிடந்தன.

“இப்போ அவகிட்ட போயி என்ன மேடம் சொல்றது?” என்று கேட்டார்.

குத்திக்காட்ட அவர் அதைக் கேட்கவில்லை. அப்போதும் என்னிடம் பதில் இருக்கும் என்று நம்பித்தான் கேட்டார்.