அளவு சட்டை

ஜெயசீலிக்குக் கைவேலை வராது என்பது குடும்பத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட சங்கதி. ஒப்புக்கொள்ளாதவர் அவள் கணவர் தனசிங் ஒருவர்தான். பள்ளியில் படிக்கும்போது அவள் போட்ட சங்கிலித் தையலை டீச்சர் வகுப்புக்கே தூக்கிக் காட்டி, "இது சங்கிலியா, சிக்கலா?" என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு பட்டன் அறுந்தால் ஒழிய அவள் ஊசியைத் தொட்டதில்லை. அப்படிப்பட்டவள் நாற்பத்து நாலாவது வயதில் தையல் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று கிளம்பினால் வீட்டில் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

காரணம் இல்லாமல் இல்லை. பதினாறு வருஷம் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு அவள் அ, ஆ சொல்லிக்கொடுத்த சின்னப் பள்ளிக்கூடம் அந்த மே மாதத்தோடு மூடிவிட்டது. காலை எட்டு மணிக்குத் தனசிங் கல்லூரி அலுவலகத்துக்கும், மகள் டெபோரா பிளஸ் ஒன் வகுப்புக்கும் கிளம்பிப் போய்விடுவார்கள். அதன் பிறகு ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டில் அவளும் மின்விசிறியும்தான். சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்ற நினைப்பு அவளை அரித்தது. வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் அரித்தது.

ஜூன் மாதம், செம்பாக்கத்தில் சந்திரிகா டீச்சர் என்பவர் வீட்டு மாடியில் நடத்தும் தையல் வகுப்பில் சேர்ந்தாள். தம்பி வீட்டில் தூசி படிந்து கிடந்த மெஷினை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தாள். அன்றைக்கே அறிவித்தும் விட்டாள்.

"இந்தக் கிறிஸ்துமஸுக்கு நம்ம வீட்டுல யாரும் கடையில டிரஸ் எடுக்கப் போறதில்ல. எல்லாம் என் கையால."

"மம்மி, பிளீஸ், என்னை விட்டுடு. டாடிக்குத் தைச்சுக்கோ" என்றாள் டெபோரா.

"எனக்குத் தைக்கட்டும். நான் போடுறேன்" என்றார் தனசிங்.

நம் ஊரில் தைக்கக் கொடுக்கப் போகிறவர்கள் டேப்புக்கு உடம்பைக் காட்டிக்கொண்டு நிற்பது குறைவு. நன்றாகப் பொருந்துகிற பழைய உடுப்பு ஒன்றைக் கொடுத்து, "இதே அளவுக்குத் தைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு வருவதுதான் வழக்கம். ஜெயசீலியும் அப்படித்தான் கற்றுக்கொண்டாள். தனசிங்கின் நீலக் கோடு போட்ட சட்டை ஒன்று, நாற்பது சைஸ், அவருக்கென்றே அளவெடுத்த மாதிரி கச்சிதமாக இருக்கும். அதை அளவு சட்டை என்று எடுத்து வைத்துக்கொண்டாள். துணிமேல் அதை விரித்து, சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டு, ஓரத்துக்குத் துணி விட்டு வெட்ட வேண்டியது. அவ்வளவுதான் வித்தை.

முதல் சட்டைக்கு இரண்டு கையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டாள். சந்திரிகா டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். திரும்பவும் துணி வாங்கி, காலரைப் பிரித்துப் பிரித்துத் தைத்து, பட்டன் துளைக்கான காஜாவை மட்டும் கடைக்காரரிடம் கொடுத்துப் போட்டு, ஒருவழியாக ஜூலைக் கடைசியில் சட்டை முடிந்தது. தனசிங் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். லேசாகத் தொளதொளவென்று இருந்தது.

"காத்தோட்டமா இருக்கு சீலி. சென்னை வெயிலுக்கு இதுதான் சரி."

"கூடாரம் மாதிரி இருக்கு டாடி" என்றாள் டெபோரா.

ஜெயசீலிக்கு அழுகையே வந்துவிட்டது. சந்திரிகா டீச்சரிடம் சொன்னபோது, "ஓரத்துக்கு ரொம்பத் துணி விட்டிருப்பே. ரெண்டு பக்கமும் அரை அரை இன்ச் உள்ளே பிடிச்சுத் தைச்சிடு" என்றார். பிடித்தாள். சட்டை சரியாக உட்கார்ந்தது. தனசிங் அதைப் போட்டுக்கொண்டே அலுவலகம் போனார். அன்று பூராவும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இந்த மனுஷன் அங்கேயாவது கொஞ்சம் முகம் சுளித்திருக்கலாம். "நல்லா இல்ல, நான் கடைச் சட்டையே போட்டுக்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லையே! அவள் தைக்கத் தைக்கப் போட்டுக்கொண்டார். ஆகஸ்டில் சபையில் மலைப்பகுதி ஊழியத்துக்குப் பழைய துணி சேர்த்தபோது, அலமாரியில் இருந்த கடைச் சட்டைகளை எல்லாம் தானே மடித்து மூட்டை கட்டிக் கொடுத்தார். "என் பெண்டாட்டி தைக்கிறா, இனி எனக்கு எதுக்கு?" என்று சபைப் போதகர் ஐயரிடம் பெருமை வேறு. மிஞ்சியது அந்த அளவு சட்டை ஒன்றுதான். அதை அவர் போடுவதில்லை. அது மெஷின் மேஜையில் கிடந்தது. அவள் தைத்த ஒன்றையே ராத்திரி துவைத்துக் காயப்போட்டு, காலையில் அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போனார்.

செப்டம்பரில் இரண்டாவது சட்டை. அதுவும் லூசு. இந்த முறை பக்கத்துக்கு ஒரு இன்ச் பிடிக்க வேண்டியிருந்தது. கேட்டீர்களா கூத்தை, முதலில் சரியாக இருந்த சட்டையும் இப்போது லூசாகியிருந்தது. துவைத்துத் துவைத்துத் துணி தளர்ந்துவிட்டது என்று அவளே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டு, அதையும் பிரித்துப் பிடித்தாள். அக்டோபரில் இரண்டையும் இன்னொரு இன்ச் பிடிக்க வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில் தனசிங்குக்கு முதுகு வலி. நாற்காலியில் உட்கார்ந்தே வேலை என்றால் வராதா என்றார். ராத்திரிச் சாப்பாட்டில் பாதியை ஒதுக்கினார். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, சோற்றைக் குறைத்து நடக்கச் சொல்லியிருக்கிறார்கள், அதுதான் என்றார். பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டு, "பாத்தியா, தொப்பை போச்சு" என்று மகளிடம் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது சபைப் பெரியவர் ஒருவர் அவர் தோளைப் பிடித்துப் பார்த்தார்.

"என்ன பிரதர், பாதியாயிட்டீங்க? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

தனசிங் வாயைத் திறக்கும் முன்னால் ஜெயசீலி முந்திக்கொண்டாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அங்கிள். நான் தைச்ச சட்டை. கொஞ்சம் லூசாயிடுச்சு, அதான் அப்படித் தெரியுது."

எல்லோரும் சிரித்தார்கள். தனசிங்கும் சிரித்தார். அவள் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். பின்னாளில் தன் வாழ்க்கையிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமென்றால் எது என்று அவளைக் கேட்டால், இதைத்தான் சொல்வாள்.

நவம்பரில் மூன்றாவது சட்டைக்குத் துணி எடுத்தாள். இதில் தவறினால் தையலையே விட்டுவிடுவது என்று தீர்மானம். அளவு சட்டையை அயர்ன் பண்ணி, சுருக்கமில்லாமல் விரித்து, இன்ச் இன்ச்சாக மார்க் பண்ணி, மூன்று தடவை சரிபார்த்து வெட்டினாள். இரண்டு வாரம் பாடுபட்டுத் தைத்தாள். போட்டுப் பார்த்தால் ஹாங்கரில் மாட்டிய மாதிரி தொங்கியது. ஷோல்டர் அவர் தோளைத் தாண்டிக் கீழே இறங்கிப்போய் நின்றது.

"விடு சீலி, பிடிச்சுக்கலாம்" என்றார் அவர்.

அவள் அளவு சட்டையையும் புதுச் சட்டையையும் பையில் திணித்துக்கொண்டு செம்பாக்கத்துக்குப் போனாள்.

"டீச்சர், எனக்கு இது வராது. நான் நின்னுக்கிறேன்."

சந்திரிகா டீச்சர் முன்கோபக்காரர். பையைப் பிடுங்கி, வெட்டும் மேஜையில் அளவு சட்டையை விரித்து, அதன்மேல் புதுச் சட்டையை விரித்தார். ஷோல்டரோடு ஷோல்டர் வைத்தார். கையோடு கை வைத்தார். மார்பின் குறுக்கே டேப் போட்டார். இதுவும் இருபத்திரண்டு, அதுவும் இருபத்திரண்டு. ஒரு நூல் வித்தியாசம் இல்லை.

"என்ன ஜெயசீலி, விளையாடுறியா? இவ்ளோ சுத்தமா நான் கத்துக்கிட்ட புதுசுல தைச்சதில்ல. இதுல எங்கம்மா தப்பு?"

சத்தியமாகச் சொல்ல வேண்டும் என்றால், ஜெயசீலிக்கு அந்த நேரத்தில் சந்தோஷம்தான் வந்தது. வகுப்பில் இருந்த அத்தனை பேர் முன்னால் டீச்சர் அதைத் தூக்கிக் காட்டி, "எல்லாரும் வந்து பாருங்க" என்றார். பள்ளியில் பட்ட அவமானம் எல்லாம் கழுவிக்கொண்டு போனது. படியிறங்கி, ரோட்டுக்கு வந்து, ஷேர் ஆட்டோவுக்காக நிற்கும்போதும் சிரிப்பு முகத்தில் இருந்தது. வீட்டுக்குப் போய் இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். சட்டை சரியாகத்தான் இருக்கிறது, ஒரு நூல் வித்தியாசம் இல்லை.

அப்படியானால் அவருக்கு ஏன் தொங்குகிறது?

ஆட்டோ வந்து நின்றது. "ராஜகீழ்ப்பாக்கம் ஏறு, ஏறு" என்று டிரைவர் கத்தினார். அவள் கையிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பக்கத்தில் நின்ற பெண் கையைப் பிடித்து ஏற்றிவிட வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னங்க, இதைப் போடுங்க."

"இது அளவு சட்டைல்ல?"

"போடுங்கன்னா போடுங்க!"

அவர் போட்டார். ஜூன் மாதம் கச்சிதமாக உட்கார்ந்த சட்டை. ஜெயசீலி முன்பக்கத்தைக் கூட்டிப் பிடித்தாள். இரண்டு கை நிறையத் துணி வந்தது. கழுத்துக்கும் காலருக்கும் நடுவில் நாலு விரல் போகும். அதற்குமேல், அந்தக் காலருக்கு மேல், தினமும் பார்த்துக்கொண்டிருந்த முகத்தை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். கன்னம் ஒட்டிப்போய், கண் உள்ளே போய், யாரோ மாதிரி இருந்தார். சோபாவில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்த டெபோரா நிமிர்ந்து, ஏதோ கேலி பேச வாயெடுத்து, அப்படியே நிறுத்திவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்ன வயசு. எல்லாம் பொறுமையாக விசாரித்தார். "டிரஸ் எல்லாம் எப்பலேர்ந்து லூஸ் ஆச்சு, ஞாபகம் இருக்கா?"

"சரியாத் தெரியல மேடம்" என்றார் தனசிங்.

"எனக்குத் தெரியும்" என்றாள் ஜெயசீலி. "ஜூலைக் கடைசியில ரெண்டு பக்கமும் அரை இன்ச். செப்டம்பர்ல ஒரு இன்ச். அக்டோபர்ல மறுபடியும் ஒரு இன்ச். இப்ப இவ்ளோ."

டாக்டரம்மா எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "இவ்வளவு கரெக்டா கவனிச்சிருக்கீங்க. அப்புறம் ஏம்மா இத்தனை நாள் கூட்டிட்டு வரல?"

"நான் தப்பாத் தைக்கிறேன்னு நினைச்சேன் டாக்டர்."

டாக்டரம்மா பேனாவை மறுபடி எடுத்து ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

கணையத்தில் கட்டி. ஸ்கேன், ரத்தம், திரும்பவும் ஸ்கேன் என்று பத்து நாள் அலைந்த பிறகு, ஈரலுக்கும் பரவிவிட்டது, ஆபரேஷன் செய்ய முடியாது என்றார்கள். முன்னாலேயே வந்திருந்தால் என்று டெபோராதான் கேட்டாள். ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் தெரிந்திருந்தால் ஒருவேளை முயற்சி பண்ணிப் பார்த்திருக்கலாம், நிச்சயம் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த 'ஒருவேளை'யை ஜெயசீலி அப்படியே விழுங்கினாள். இன்று வரை அது உள்ளே இறங்கவில்லை.

வெளியே வராண்டா நாற்காலியில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். டெபோரா அழுதாள். தனசிங் ஒரு கையால் அவள் தலையைத் தடவிக்கொண்டு, மனைவியைத் தேற்ற வேண்டுமே என்று வார்த்தை தேடினார். பாவி மனுஷனுக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

"அப்ப நீ தைச்சதெல்லாம் சரியாத்தான் இருந்திருக்கு, சீலி."

ஆறு மாதமாக அந்த வாயிலிருந்து அவள் கேட்க ஆசைப்பட்டது அதுதான். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அதன் பிறகு மெஷினை மூடி வைத்துவிட்டாள். பார்க்கவே பிடிக்கவில்லை. டிசம்பர் இரண்டாவது வாரம், சாய்மான நாற்காலியில் படுத்திருந்த தனசிங்தான் ஆரம்பித்தார்.

"கிறிஸ்துமஸுக்கு என்ன போடுறது? உன் கையாலன்னு சொன்னியே."

"எனக்கு முடியலைங்க."

"முடியும். டேப்பை எடு."

கட்டிய நாளிலிருந்து அவள் அவர் உடம்பில் டேப் வைத்ததில்லை. அவர் மெல்ல எழுந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அதையும் விட்டு, பிள்ளையைப் போல இரண்டு கையையும் தூக்கினார். ஜெயசீலி பின்பக்கமாகக் கையைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்தாள். விலா எலும்பு ஒவ்வொன்றும் விரலில் பட்டது. முன்னால் கொண்டுவந்து சேர்த்துப் பார்த்தாள். முப்பத்திரண்டு.

"எவ்ளோ?"

"முப்பத்தெட்டு."

"பொய் சொல்லாத சீலி." அவர் குரலில் கோபம் இல்லை. தூக்கிய கையை இறக்கவில்லை. "உள்ளதை உள்ளபடி அளந்து தை. ஒரு தடவையாவது கச்சிதமாப் போட்டுட்டுப் போறேன்."

அவள் முப்பத்திரண்டு என்று எழுதிக்கொண்டாள். வெள்ளைத் துணி, முழுக்கை. காஜாவைக்கூட வெளியே கொடுக்காமல் கையாலேயே போட்டாள். டெபோரா கேட்காமலே பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் கட்டினாள். கிறிஸ்துமஸ் அன்று காலை ஆராதனைக்கு அவரைக் காரில் அழைத்துப் போனார்கள். தோளில், கழுத்தில், மார்பில் எங்கும் இழுக்கவில்லை, எங்கும் தொங்கவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் சட்டையைப் பற்றித்தான் பேசினார்கள், வேறு எதைப் பேசுவது என்று தெரியாமல்.

ஜனவரி பத்தொன்பதாம் தேதி அவரை அதே சட்டையைப் போட்டுத்தான் பெட்டியில் வைத்தார்கள். இருபத்தைந்து நாளில் அதுவும் லூசாகியிருந்தது. ஜெயசீலி குனிந்து, இரண்டு பக்கமும் மிச்சத் துணியைக் கூட்டிப் பிடித்து, அவர் முதுகுக்கு அடியில் மடித்து விட்டாள்.